இழப்பும் ஈடும்: காவிரிப் படுகையில் எண்ணெய்க் கணக்கு

'நஷ்டஈடு' என்று நாளிதழ்கள் நெடுங்காலம் எழுதிவந்த சொல் இன்று 'இழப்பீடு' என வழங்குகிறது. வடசொல்லின் இடத்தில் தமிழ்ச்சொல் அமர்ந்தமை நன்றே. ஆயினும் மாறியது சொல்லின் முற்பாதி மட்டுமே. பிற்பாதியாகிய 'ஈடு' பழையபடியே நிற்கின்றது. ஈடு என்பதற்கு ஒப்பு, நிகர் என்பது பொருள். கடனுக்காக ஒப்படைக்கும் பொருளையும் ஈடு என்பர். திருவாய்மொழிக்கு எழுந்த பேருரைக்கும் ஈடு என்பது பெயர். மூலத்தோடு ஒத்து நிற்பது பற்றி அப்பெயர் பெற்றது என்பாரும் உளர். ஆதலின், இழப்பீடு என்று ஒருவர் சொன்ன அளவிலேயே இரு வினாக்கள் எழும். எதற்கு ஈடு? எவர்க்கு ஈடு? இவ்விரு வினாக்களையும் காவிரிப் படுகையின் எண்ணெய், எரிவாயுத் தொழிலைக் குறித்து எழுந்த சட்டங்களிடத்தும், அத்தொழிலை எதிர்த்து எழுந்த எழுத்துகளிடத்தும் வைத்துப் பார்த்தல் தகும். சட்டமும் ஒரு நூலே. நூலை ஆராயும் முறையிலேயே அதனையும் ஆராயலாம்.

செய்தியை முதலில் சுருங்கக் கூறுதல் வேண்டும். எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் 1956-இல் அமைந்தது. காவிரிப் படுகையில் அவ்வாணையம் பல்லாண்டு தேடியதன் பயனாக, 1980-களில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் எண்ணெய் ஊராகப் பெயர் பெற்றது. 1993-இல் அதன் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. குத்தாலத்திலும் திருமாக்கோட்டை அருகேயுள்ள கோயில்களப்பாலிலும் படுகை எரிவாயுவைக் கொண்டே ஏறத்தாழ 100 மெகாவாட் அளவிலான மின்நிலையங்கள் அமைந்தன. இத்தொழிலால் நாட்டுக்கு நன்மையே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. விளக்கெரியும் வீட்டில் அமர்ந்து அவ்வாறு எழுதுவது நேர்மையும் அன்று. நன்மை எங்கே சென்று சேர்கிறது, செலவு எவர் பெயரில் எழுதப்படுகிறது என்பதே இங்கு ஆராயத் தக்கது.

செலவுக் கணக்கை அளக்க நம் இலக்கணத்திலேயே ஓர் அளவுகோல் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். பள்ளியில் மருதத்திணையை நடத்தும் ஆசிரியர் இவற்றைக் கரும்பலகையில் எழுதுவார். மாணவரும் மனப்பாடம் செய்வர். அது பாடலுக்கு மட்டும் உரிய வகைப்பாடு என்று கருதுதல் வழக்கம். ஆனால் ஓர் ஊரில் எண்ணெய்க் குழாய் புகுந்த பின்னர் அவ்வூர் எதனை இழந்தது என்று பட்டியல் எழுதப் புகுவார்க்கு இதனினும் நிறைவான அட்டவணை எளிதிற் கிடைக்காது. சட்டத்தின் அட்டவணையோ இதில் பாதியையும் தொடவில்லை.

1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்வழிச் சட்டத்தை எடுத்துக்கொள்க. இச்சட்டம் நிலத்தை வாங்குவதில்லை. நிலத்தின் அடியில் குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உழவன் பெயரிலேயே இருக்கும்; வரியும் அவனே கட்டுவான். ஆயினும் அந்தப் பட்டையில் அவன் கட்டடம் எழுப்பலாகாது, கிணறோ குளமோ வெட்டலாகாது, மரம் நடலாகாது. இதற்காக அவனுக்குக் கிடைப்பது அந்நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. குழாய் பதிக்கும்போது அழியும் பயிர்க்கும் வெட்டப்படும் மரத்துக்கும் தனியே தொகை உண்டு. ஏக்கர் 20 இலட்சம் ரூபாய் விலை போகும் ஊரில் அரை ஏக்கர் அளவான பட்டை ஒருவன் தோப்பின் நடுவே செல்வதாகக் கொள்க. பட்டையின் மதிப்பு 10 இலட்சம். உரிமைக்கு அவன் பெறுவது 1 இலட்சம். அத்துடன் கணக்கு முடிந்தது.

எழுதாமல் விடப்பட்டவை எவை? வெட்டிய தென்னைக்குத் தொகை உண்டு. அவ்விடத்தில் இனி நடவே முடியாத தென்னை, அறுபது ஆண்டுக்கு மேலும் காய்க்கக்கூடிய தென்னை, எந்தக் கணக்கிலும் இல்லை. கிணறு வெட்டக்கூடாத நிலத்துக்குப் பக்கத்து நிலமும் விலை குறையும். அக்குறைவு பட்டைக்கு வெளியே நிகழ்வதால் அதற்கும் கணக்கில் இடம் இல்லை. மகன்கள் இருவர்க்குப் பாகம் பிரிக்கும் நாளில் நடுவே குழாய் ஓடும் நிலம் எவன் பங்குக்குப் போவது? உடன்பிறந்தாரிடையே அன்று மூளும் பூசலுக்கு மதிப்பிடும் அதிகாரி எவரும் வருவதில்லை. 'உடைமை' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு அதன் உள்ளீட்டை மட்டும் எடுத்துக்கொள்வது இச்சட்டத்தின் சொல்லாட்சி. பழத்தைத் தின்று தோலைத் திருப்பித் தருவார்போல.

இச்சட்டத்தின் வன்மையைக் கொங்குநாடு நன்கறியும். கொச்சியிலிருந்து வரும் எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருட்டிணகிரி வரை ஏழு மாவட்டங்களின் வயல்கள் வழியே செல்வதாக இருந்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுங்கள் என்று உழவர் வேண்டினர். 2013-இல் தமிழக அரசும் அவ்வாறே பணித்தது. உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரி 2-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் கெயில் நிறுவனத்தின் பக்கமே நின்றது. மாநிலத்தின் சொல்லைவிட 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல் வலியதாயிற்று. குழாய் எவ்வாறிருந்தாலும் அடியிற் கிடப்பதுதானே, அதனால் என்ன தீங்கு என்பார்க்கு ஆந்திரத்து நகரம் என்னும் சிற்றூர் விடை சொல்லும். 2014 சூன் 27 விடியலில் அவ்வூரில் அந்நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் தென்னந்தோப்புகளும் கரிந்தன.

இனிப் பொழுது. நிலத்தையாவது சட்டம் அரைகுறையாக அளந்தது. பொழுதை அறவே விட்டது. காவிரிப் படுகையின் வேளாண்மை பொழுதால் இயல்வது. மேட்டூர் அணை சூன் 12-இல் திறந்தால் குறுவை. அதன்பின் சம்பா, தாளடி. நாற்று விட்ட நாள் முதல் அறுப்பு நாள் வரை ஒன்றன் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டு வேலைகள் வரும். ஒரு வாரம் தவறினால் ஒரு போகம் தவறும். 2017 சூன் 30-இல் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து வயலிற் பரவியது. ஊரார் திரண்டனர், தடியடி நடந்தது, போராடியவருட் சிலர் சிறைப்பட்டனர். செய்தித்தாள்கள் தடியடியையும் சிறையையும் விரித்தெழுதின. அது கடமைதான். ஆனால் எண்ணெய் படிந்த மண் என்னாகும் என்பதை எழுதியவர் சிலரே. எண்ணெய் மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். நீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்றும் எட்டாது. மேல்மண்ணை வாரிக் கொட்டிவிட்டுப் புதுமண் பரப்பலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக வண்டலும் எருவும் சேர்ந்து அமைந்த மேல்மண் அன்றோ வாரப்பட்டது! 'ஒரு போகத்துக்கு ஈடு' என்று எழுதப்படும் தொகை, அந்த மண் ஒரு போகத்தில் மீளும் என்ற எண்ணத்தின்மேல் எழுதப்பட்டது.

அன்றியும், போகம் என்பது நெல் மட்டும் அன்று. வைக்கோல் மாட்டுக்குத் தீனி, மாடு எருவுக்கு, எரு அடுத்த நாற்றங்காலுக்கு. விதைநெல் வீட்டிலேயே எடுத்து வைக்கும் உழவன் ஒரு போகம் விட்டால் அடுத்த ஆண்டு விதையைக் காசுக்கு வாங்குகிறான். வயலில் மேயவிட்ட வாத்துக்கூட்டத்தார் அவ்வழி வருவதில்லை. வாய்க்கால் மீனை நம்பிய வீட்டில் குழம்பு மாறுகிறது. உணவு, விலங்கு, புள், தொழில் என்று கருப்பொருள் வரிசை முழுதும் இங்கே வந்து நிற்பதைக் காண்க.

வரிசையில் தொழில் என்ற இடத்தில்தான் கணக்கு மிகவும் வழுவுகிறது. தஞ்சைத் தரணியில் நிலம் ஒருவனுடையது, உழுபவன் மற்றொருவன், நடுபவள் வேறொருத்தி. கோயில் நிலமும் மடத்து நிலமும் பரந்து கிடப்பதால் குத்தகைச் சாகுபடியே பல ஊர்களின் வாழ்வு. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், 1971-இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் என இத்தனை சட்டம் அவர்கள் பொருட்டு எழவேண்டியதாயிற்று என்பதே அவர்கள் நிலையைக் காட்டும். எனினும் வாய்ச்சொல்லால் உழும் குத்தகைதாரர் இன்றும் பலர்; அவர்கள் பெயர் ஏட்டில் இல்லை. கிணறு அமைக்க எண்ணெய் நிறுவனம் நிலத்துக்கு ஆண்டு வாடகை தரும்போது அத்தொகை பட்டாதாரரைச் சேரும். நிலக்கிழார்க்கு நெல்லைவிட வாடகையே ஆதாயம் என்று ஆகுமாயின் குத்தகைதாரன் வெளியேறுகிறான். நடவுக்கு வரும் பெண்களுக்கோ அவ்வயல் இல்லாமற்போன செய்தியே நடவு நாளில்தான் தெரியும். அவர்கள் இழந்தது நிலம் அன்று, கூலி நாள்கள். கூலி நாளுக்கு ஈடு எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.

மலையூர்த் தமிழர்க்கு இது விளங்காத செய்தி அன்று. திரிங்காப் சுற்றுவட்டத்தில் மரக்கறி பயிரிடுவோர் பலர் 'டி. ஓ. எல்.' எனப்படும் தற்காலிக உரிமத்தின்மீதே மலைச்சரிவைத் தளம் தளமாக வெட்டிப் பல்லாண்டு பயிர் செய்தவர். உரிமம் புதுப்பிக்கப்படாத நாளில் அவர்கள் உழைப்பு முழுதும் மண்ணோடு தங்கிவிடும். தேயிலைத் தோட்டத்திலோ லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது. ஆயினும் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு பிடிப்பு உண்டு. மலேசியாவில் 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்கப் பலன் விதிகள், ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவரைத் தோட்டம் ஆட்குறைப்புச் செய்தால் சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டொன்றுக்கு 10, 15 அல்லது 20 நாட்சம்பளம் தரச் சொல்கின்றன. வீடு போவதையும் பிள்ளையின் பள்ளி போவதையும் அவ்விதியும் எண்ணவில்லை என்பது மெய்யே. எனினும் உழைத்த ஆண்டுகளை எண்ணுகிறது. முதலாளி ஒருவன் உண்டு, செக்ரோல் புத்தகம் உண்டு, பெயர் உண்டு. ஆதலால் எண்ண முடிகிறது. படுகையின் நடவுப் பெண்ணுக்கு ஆண்டு முழுதும் ஒரே முதலாளி இல்லை; பத்து வயலில் பத்து நாள். பதிவேடு இல்லாத உழைப்புக்கு ஈடு கேட்பது எங்ஙனம்?

கேட்க முடியும் என்பதற்கு மேலை ஆப்பிரிக்காவில் ஒரு சான்று உண்டு. நைசீரியாவின் நைசர் கழிமுகத்தில் போடோ என்னும் மீனவர் ஊர் உள்ளது. 2008-இல் அங்கே செல் நிறுவனத்தின் குழாய் உடைந்து ஓடைகளிலும் அலையாத்திக் காடுகளிலும் எண்ணெய் பரவியது. ஓடை எவர்க்கும் பட்டா இல்லாதது. பட்டா இல்லாததற்கு ஈடு ஏது என்று வழக்கு அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இலண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2015 சனவரியில் 5 கோடியே 50 இலட்சம் பவுன் உடன்பாட்டில் முடிந்தது. அதில் 3 கோடியே 50 இலட்சம் பவுன் 15,600 தனியாட்களுக்கும் எஞ்சியது ஊர்ப் பொதுவுக்கும் என வகுக்கப்பட்டது. ஆளுக்கு ஏறத்தாழ 2,200 பவுன். பெருந்தொகை அன்று; அலையாத்தி மரங்கள் அதனால் மீளவும் இல்லை. ஆனால் அப்பட்டியலில் வலை வீசியவர் பெயர் இருந்தது. நிலத்தை அன்று, பிழைப்பை அளந்த கணக்கு அது. அந்நாட்டின் ஒகோனி மக்களுக்காக எழுதிய கென் சரோ-விவா 1995-இல் தூக்கிலிடப்பட்டார் என்பதையும் உடன் நினைக்கவேண்டும். அக்கணக்கு எளிதில் எழுதப்பட்டதன்று.

சொல்லை மாற்றுவதாலும் உரிமை மாறும் என்பதற்கு நெடுந்தொலை போகவேண்டா. மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தை ஒட்டி எழுந்த உடன்பாட்டின்படி எண்ணெய் கிடைக்கும் மாநிலத்துக்கு நூற்றுக்கு ஐந்து உரிமைத்தொகையாகச் சேரும். 2000-இல் நடுவணரசு திரங்கானு மாநில அரசுக்கு அத்தொகை தருவதை நிறுத்தி, 'வாங் எஹ்சான்' என்ற பெயரில் வேறு வழியாகச் செலவிட்டது. எஹ்சான் என்றால் நல்லெண்ணம். உரிமைத்தொகை கேட்டுப் பெறுவது. நல்லெண்ணத்தொகை கொடுத்தால் பெறுவது. காவிரிப் படுகையில் எண்ணெய் நிறுவனம் கட்டித்தரும் பள்ளிச் சுவரும் குடிநீர்த் தொட்டியும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை வேண்டாம் என்பதில்லை. அவற்றை ஈட்டுக் கணக்கில் சேர்த்தெழுதுதல் ஆகாது.

2020-ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பாராட்டத் தக்கது. அதற்கு முன் நடந்தவை பல. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு 2010-இல் உரிமம் தரப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் 2015-இல் மாநில அரசு அதனை மறுத்தது. 2017 பிப்ரவரி 15-இல் நெடுவாசலுக்கு இசைவு தரப்பட, மறுநாளே ஊர் எழுந்தது. அவ்வெழுச்சியின் பயனே இச்சட்டம். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதனுள் அடங்கின. எண்ணெய், எரிவாயு, மீத்தேன், களிப்பாறை வளி ஆகியவற்றுக்கான புதுக்கிணறுகள் தடுக்கப்பட்டன.

விதியைப் படித்து மகிழ்ந்தவர் அதன் புறனடையையும் படித்தல் வேண்டும். முன்பே இயங்கிவரும் பணிகளை இச்சட்டம் தொடாது என்பது ஒரு புறனடை. துறைமுகம், குழாய்வழி, சாலை முதலிய கட்டமைப்புகளைத் தொடாது என்பது மற்றொன்று. இலக்கண நூலில் புறனடை விதிக்கு அடங்காத சிலவற்றை அமைத்துக்கொள்ள வருவது. இங்கோ, உழவன் அஞ்சும் பழைய கிணறும் பழைய குழாயும் புதுக்குழாயும் புறனடைக்குள்ளே அமைந்துவிட்டன. கதிராமங்கலத்தில் கசிந்தது பழைய குழாய் அன்றோ? எல்லையும் அவ்வாறே. இராமநாதபுரம் மண்டலத்துக்கு வெளியே இருந்தது. ஆகவே 2025 மார்ச்சில் அம்மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் இசைவு கிடைத்தது. எதிர்ப்பு எழுந்தபின் அரசே அதனைத் திரும்பப்பெறுமாறு கேட்கவேண்டியதாயிற்று. 2020 சனவரியிலேயே ஆய்வுக் கிணறுகள் நடுவணரசால் தாழ்ந்த வகைக்கு மாற்றப்பட்டு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு இல்லாமற்போனதை இங்கே சேர்த்துப் படிக்க. ஊரார் வாய்மொழி பதிவாகும் ஒரே இடமும் அதுவாகத்தான் இருந்தது.

எதிர்ப்பு எழுத்துகளையும் விடுதல் முறையன்று. 'டெல்டா பாலைவனமாகும்' என்பது துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும் திரும்பத் திரும்ப வரும் தொடர். திணைமயக்கம் கூறும் புலவர்க்கு அது அழகாகலாம். கணக்கு எழுதுவார்க்கு ஆகாது. எண்ணெய்க் கிணறுகள் வந்து நாற்பது ஆண்டு கழிந்தும் படுகையில் நெல் விளைகிறது. விளையாத ஆண்டுகளுக்கு வேறு காரணமும் உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017-இல் மேட்டூர் அக்டோபரில்தான் திறந்தது. ஆற்றுமணல் அள்ளியதாலும் கடல்நீர் உட்புகுவதாலும் நிலத்தடிநீர் கெட்ட ஊர்கள் உள. இவையனைத்தையும் எண்ணெயின் தலையில் ஏற்றினால், எதிர்வழக்காடுபவர் ஒன்றைப் பொய்யென்று காட்டி அனைத்தையும் தள்ளிவிடுவார். மிகைக்கூற்றால் நட்டப்படுபவன் உழவனே.

கோ. நம்மாழ்வாரின் பேச்சு இவ்விடத்தில் வேறுபட்டு நின்றது. மீத்தேன் எடுக்க வேண்டுமாயின் நிலக்கரிப் படுகையிலுள்ள நீரை முதலில் இறைத்து வெளியேற்றவேண்டும் என்னும் ஒரு செய்தியை ஊர் ஊராகச் சென்று எளிய சொல்லில் விளக்கினார். ஆழ்குழாய்க் கிணற்று நீர்மட்டம் ஆண்டுதோறும் எத்தனை அடி இறங்குகிறது என்பதை அறிந்த உழவனுக்கு அதற்குமேல் அச்சுறுத்தல் தேவைப்படவில்லை. அப்பணியில் இருந்தபோதே 2013 திசம்பர் 30-இல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் உயிர்நீத்தார். நெடுவாசல் மக்களின் வன்மையும் இதுவே. அவ்வூர் ஆழ்குழாய்க் கிணற்று நீரால் வாழ்வது; தாம் காக்க நினைத்தது இன்னது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து 'ரசூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் வந்தோருள் நிலமற்றவர் பலர். அக்கரைக்கு அண்மையிலுள்ள பனங்குடியில் 1993-இல் எழுந்த ஆலையைப் பன்மடங்கு பெரிதாக்க இப்போது நிலம் எடுக்கப்படுகிறது. 2024-இல் அவ்வூர் வட்டாரத்து உழவர் நடத்திய போராட்டத்தில் நிலவிலையை விட வேறொன்றே முன்னின்றது. 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், எடுக்கப்படும் நிலத்தில் மூன்றாண்டு உழைத்துப் பிழைத்த குத்தகைதாரரையும் வேளாண் தொழிலாளரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்னும் சொல்லுக்குள் வைத்துள்ளது. அச்சொல்லின்படி மறுவாழ்வுத் தொகை எங்களுக்கும் உண்டு, பட்டியலில் எங்கள் பெயரையும் எழுதுங்கள் என்று அவர்கள் கேட்டனர்.